நாலாம் மலையில் மெல்லப் பறித்த கொழுந்து

3.12.1962, திங்கள்

இரவு மெயிலில் வந்து, விடியற்காலை ஹட்டனில் இறங்கி, டிக்கோயா பஸ்ஸில் பாதி வழி தொங்கி, மீதி வழி நடந்து, தோட்டத்தில் எங்கள் வீடு இருக்கிற லயத்துக்கு வந்து சேர்ந்தேன். தேத்தண்ணி குடித்து முடிக்கவில்லை, அதற்குள் வாசலில் மூன்று வாளி வரிசையில் நிற்கிறது. பேர் எழுதித் தர வேண்டுமாம். நான் கொழும்பில் சித்திரக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறேன் என்றால், பெயின்ட் டப்பாவோடு ஓர் ஆள் வந்திருக்கிறான் என்றுதான் இங்கே அர்த்தம். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மீனம்மாக்கா தொட்டில் பலகையையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பிள்ளை அவள் இடுப்பில் இருந்து என்னை முறைத்தது.

லீவுக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். "லீவுலயும் படமா? அப்ப காலேஜில என்னாதான் பண்ணுவீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

எங்கள் ஆசிரியர் டயஸ் சேர் எங்கள் ஒவ்வொருவருக்கும் உள்ளங்கை அகலத்தில் ஒரு கட்டுத் தாள் கொடுத்திருக்கிறார். எல்லாத் தாளிலும் ஒரே உருவம், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு நூல் இடம் மாற வேண்டும். ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் புரட்டினால் உருவம் அசையும். அடுத்த தவணையில் அசையும் படத்துக்கென்று தனி வகுப்பு தொடங்குகிறார். எங்கள் வருஷத்திலிருந்து ஒரே ஆளைத்தான் எடுப்பார். மற்றவர்களெல்லாம் குதிரை, கடல் அலை, மாட்டு வண்டி என்று பிரித்துக்கொண்டார்கள். என்னிடம் மட்டும், நாங்கள் குடிக்கிற இந்தத் தேயிலையை உங்கள் வீட்டார் எப்படிப் பறிக்கிறார்கள், அந்தக் கையைக் கொண்டுவா என்றார்.

எனக்கு அந்த வகுப்பு வேண்டும். வேறு எதையும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் வாளிதான்.

5.12.1962

நாலாம் நம்பர் மலையில் ஒரு கல்லைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். கீழே அம்மா பறிக்கிற நிரை. பென்சிலைச் சீவி நிமிர்ந்து பார்த்தால் — இது என்ன பறிப்பு? அம்மா ஒரு கொழுந்தைக் கிள்ளுகிறாள். அதைப் பார்க்கிறாள். யோசிக்கிறாள். பிறகு தோளுக்கு மேல் கூடைக்குள் போடுகிறாள், கோயில் உண்டியலில் காசு போடுகிற மாதிரி. அடுத்த நிரையில் மீனம்மாக்கா அதைவிட மோசம். இலையைத் தடவிக்கொடுக்கிறாள்.

சின்ன வயதில் நான் பார்த்த கைகள் இப்படியா இருந்தன? அவை பறந்ததாகத்தான் ஞாபகம். சின்னப் பிள்ளைகளுக்கு எல்லாமே வேகமாகத் தெரியும் போல.

6.12.1962

இன்றும் அதே. அட்டைகூட இவர்களைவிட விறுவிறுப்பாக என் காலில் ஏறுகிறது.

8.12.1962, சனி

மத்தியானம் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டுத் திரும்பி வரும்போது மீனம்மாக்கா பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள்: "கடியாரத்த எங்க தம்பி வச்சிருக்க?"

என்னிடம் கடிகாரமே இல்லை என்றேன். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் குடைந்து குடைந்து கேட்டபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. போன வருஷம் கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கொழும்பிலிருந்து காற்சட்டை போட்ட ஆள் ஒருவன் வந்தானாம். மலையில் உட்கார்ந்து, கடிகாரத்தையும் பெண்களின் கையையும் மாறி மாறிப் பார்த்து என்னவோ குறித்தானாம். அடுத்த மாதமே முழுப்பேருக்கு, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு, இரண்டு ராத்தல் கூடுதலாகப் பறிக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதாம். இப்போது நான். கொழும்பு, காற்சட்டை, கல், பென்சில். எதுவும் குறைவில்லை.

நீங்களுமா அம்மா என்னைச் சந்தேகப்பட்டீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

"நீ என் மவன்தான்டா, அது எனக்குத் தெரியாதா. ஆனா நான் அவளுகளோட நெரையில நிக்கிறவ. நான் மட்டும் வெரசா பறிச்சா அது நல்லாவா இருக்கும்?"

9.12.1962, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தால் வாசலில் விசாரணைக் கமிட்டி. தொழிற்சங்கத் தலைவர் சோலைமலை அண்ணன், கூட இரண்டு பேர். நான் என்ன படிக்கிறேன் என்று விளக்கினேன். ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் போன தவணை வரைந்த நாய் ஓடுகிற புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். அண்ணன் அதை மெதுவாகப் புரட்டினார், நாய் சீக்காளி மாதிரி நடந்தது. வேகமாகப் புரட்டினார், பொலிஸ் நாயாகப் பாய்ந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி புரட்டினார். அதற்கு மேல் விசாரணை நடக்கவில்லை.

இதைக் கமிட்டி முழுதாகப் பரிசீலிக்க வேண்டும் என்று சொல்லிப் புத்தகத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

11.12.1962

அம்மாவுக்கு இன்றைக்கு அரைப்பேர். கொழுந்து குறைந்ததால் அரைநாள் சம்பளம்தான். மீனம்மாக்காவுக்கும் அப்படியே. நான் என்னா பண்ணினேன்? ஒரு கல்லுல உக்காந்தேன். அவ்வளவுதானே? கமிட்டி சொன்னாலும் பொம்பளைங்க நம்பல, நான் அங்க இருக்கிற வரைக்கும் எல்லாரும் மெதுவா, எல்லாருக்கும் அரைப்பேரு.

இது போதாதென்று, மலை வேலையை மேற்பார்க்கும் கணேசமூர்த்தி கண்டாக்கு என்னை வழியில் நிறுத்தினார். "நீ வந்த நாள்ல இருந்து நாலாம் மலையில கொழுந்து எறங்குது. மெதுவா பறிக்கச் சொல்லிக் குடுக்க சங்கம் உனக்கு என்னாடா தருது?" என்றார்.

ஆக, லயத்துக்கு நான் தோட்டத்தை நடத்தும் துரையின் ஆள். கண்டாக்குக்குச் சங்கத்தின் ஆள். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் அடி என்பார்கள், அதற்குக்கூட நடுநடுவே ஓய்வு உண்டு.

நாளை முதல் மலைக்குப் போவதில்லை. அப்பாவை வரையலாமா? ஃபேக்டரியில் இராவேலை பார்த்துவிட்டுப் பகலெல்லாம் அசையாமல் தூங்குகிறார். அருமையான மாதிரி. எனக்கு வேண்டியதுதான் அசைவு.

12.12.1962

துரை கூப்பிட்டனுப்பினார். அம்மாவுக்கு வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டே ஆபீசுக்குப் போனேன். கண்டாக்கு பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஆனால் துரை சிரித்தார். உட்காரச் சொன்னார். நான் பாதி வரைந்திருந்த தாள்களை வாங்கிப் பார்த்துவிட்டு எழுந்தே விட்டார். தோட்டத்திலேயே சிறந்த கொழுந்துக்காரியின் கையை விரல் விரலாக இப்படி வரைந்து கொடு, எது வீண் அசைவு என்று எல்லா டிவிசனிலும் காட்டலாம், எல்லோரும் அந்த வேகத்துக்கு வந்துவிட்டால் ராத்தலைக் கூட்டினாலும் ஒருவரும் வாய் திறக்க முடியாது என்றார். வரும் செவ்வாய்க்கிழமை வேண்டுமாம். என் கல்லூரிக்கு நல்ல வார்த்தை எழுதி அனுப்புவாராம். நான் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டினேன்.

கேட்டைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. மீனம்மாக்கா தேடிய கடியாரம் நான்தான்.

13.12.1962

அம்மாவிடம் சொன்னேன். ரொட்டியைச் சுட்டுக்கொண்டே கேட்டாள். ரொட்டி கருகுகிற வரைக்கும் சிரித்தாள். நான் வந்த நாளிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்தது இதுதான் முதல் தடவை. "நாங்க சொன்னப்ப என்னா குதி குதிச்ச? இப்ப தொரையே சொல்லிட்டாரு." மீனம்மாக்காவையும் கூப்பிட்டுச் சொன்னாள். சும்மா போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டீங்களே தம்பி என்று அவள் எனக்காக வருத்தப்பட்டாள். மரியாதை கூடிவிட்டது, "ங்க" வந்துவிட்டது.

எனக்குப் பயமாக இருக்கிறது. வரையவில்லை என்றால் அம்மாவின் வேலை. வரைந்தால் எல்லாருடைய முதுகும். டயஸ் சேருக்குக் கொடுக்கவும் இன்னும் ஒன்றும் இல்லை.

சோலைமலை அண்ணனிடம் யோசனை கேட்டேன். பார்ப்போம் என்றார். நாய்ப் புத்தகத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

16.12.1962, ஞாயிறு

லயத்துக்குப் பின்னால் வேலி ஓரத்தில் கணக்கில் சேராத தேயிலைச் செடிகள் நாலைந்து இருக்கின்றன. அம்மா இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, தலையில் கூடையை மாட்டிக்கொண்டு, வாடா என்றாள். கண்டாக்கு வருகிறாரா என்று பார்க்க மீனம்மாக்கா வேலியில் ஏறி நின்றாள்.

பறித்தாள். அம்மாடி. இரண்டு கையும் செடிமேல் போனது தெரிந்தது, தோளுக்கு மேல் வந்தது தெரிந்தது. நடுவில் என்ன நடந்தது என்று மாதாவுக்குத்தான் வெளிச்சம். மழை விழுகிற மாதிரி சடசடவென்று சத்தம், செடி மொட்டை. நான் ஒரு கோடுகூடப் போடவில்லை.

கொஞ்சம் மெதுவாகச் செய்யுங்கம்மா, கையே தெரியவில்லை என்றேன்.

"மெதுவா செஞ்சதத்தானடா போன வாரம் பூரா பாத்த?"

வேலியிலிருந்த மீனம்மாக்கா சிரிப்பில் விழப்பார்த்தாள்.

வீட்டுக்குள் வந்து போன வாரத்துத் தாள்களைப் பரப்பினேன். கிள்ளுகிறாள், பார்க்கிறாள், யோசிக்கிறாள், போடுகிறாள். ஒவ்வொரு தாளிலும் உதட்டு ஓரத்தில் ஒரு சுழி. நான்தான் போட்டிருக்கிறேன், ஏன் போட்டேன் என்று அப்போது தெரியவில்லை. என் கண் முன்னாலேயே என்னை ஏய்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கியிருக்கிறாள். என் பென்சிலுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை, மடையன். பொழுது சாயும்வரை மிச்சத்தை வரைந்து கட்டினேன்.

18.12.1962, செவ்வாய்

அதே புத்தகத்தைத்தான் துரையிடம் நீட்டினேன். என்னிடம் வேறு எது இருக்கிறது? திட்டினால் அம்மாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்லலாம் என்றிருந்தேன்.

துரை பார்த்துப் பார்த்து மெதுவாகப் புரட்டினார். அம்மாவும் பார்த்துப் பார்த்துப் பறித்தாள். இவளா சிறந்த கொழுந்துக்காரி என்றார். ஆமாம் துரை, மரியநாயகி, கண்டாக்கையாவையே கேளுங்கள் என்றேன். கண்டாக்கும் ஆமென்றுதான் சொல்ல வேண்டியிருந்தது, அது உண்மை. துரை வேகமாகப் புரட்டினார். அம்மா பறந்தாள். முகம் மலர்ந்து கண்டாக்கிடம் கொடுத்தார். கண்டாக்கின் தடித்த விரலில் நாலு நாலு தாளாக மாட்டியது. அம்மா ஒரு கொழுந்தைக் கிள்ளிவிட்டு நின்றாள், மறுபடி ஒன்று, மறுபடி நின்றாள். ஆபீஸ் கிளாக்கர் ஐயா ஆசைப்பட்டு வாங்கி ஒரே இழுப்பாக விட்டார். முழு மலையும் முடிந்துவிட்டது.

இதில் எதுதான் அவளுடைய சரியான வேகம் என்று துரை கேட்டார்.

சோலைமலை அண்ணன் புரட்டிய நாய் சட்டென்று ஞாபகம் வந்தது. "பொரட்டுற கை எவ்வளவு வேகமோ அவ்வளவுதான் தொரை. படத்துக்குன்னு தனியா நேரம் கெடையாது" என்றேன். இதில் பொய் ஒன்றும் இல்லை.

துரை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தார். புத்தகத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மழை எப்படி என்று கண்டாக்கிடம் விசாரித்தார்.

19.12.1962

அம்மாவுக்கு முழுப்பேர். மீனம்மாக்காவுக்கு அதற்கு மேலும் நாலு ராத்தல். நான் வீட்டில் உட்கார்ந்து வாளிக்குப் பேர் எழுதினேன்.

10.1.1963, கொழும்பு

டயஸ் சேர் எல்லாப் புத்தகங்களையும் மேசையில் அடுக்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். குதிரை அழகாக ஓடியது. அலை நிஜமாகவே அடித்தது. என்னுடையதை ஒரு தடவை புரட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து புரட்டினார். இன்னொரு தடவையும். தொலைந்தேன் என்று நினைத்தேன். தேயிலை பறிப்பவர்கள் இவ்வளவு மெதுவாகவா பறிப்பார்கள் என்று எந்தக் குழந்தையும் கேட்கும்.

இந்த அம்மா வேலை செய்யவில்லை, வேலை செய்வதாக யாரையோ ஏமாற்றுகிறாள், யாரை என்று கேட்டார்.

"என்னைத்தான் சேர். என் அம்மா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மேல்மாடி அறையில் திங்கட்கிழமை வகுப்பு, நேரத்துக்கு வா என்றார். படியில் இறங்கும்போது அம்மாவை அங்கேயே பார்க்க வேண்டும் போலிருந்தது.

14.4.1963, ஞாயிறு, தோட்டம்

உயிர்த்த ஞாயிறும் சித்திரைப் பிறப்பும் இந்த வருஷம் ஒரே நாளில். எங்கள் காம்பராவில் கேக், மீனம்மாக்கா காம்பராவில் பலகாரம், பிள்ளைகள் இரண்டு பக்கமும் சுரண்டினார்கள். சோலைமலை அண்ணன் வந்து நாய்ப் புத்தகத்தைத் திருப்பித் தந்தார். ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் நாயின் பின்னங்கால் தேய்ந்தே போயிருந்தது. பரிசீலனை முடிந்ததாம்.

அம்மாவின் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தேன். நிரைப் பெண்கள் எல்லோரும் வாசலில் கூடிவிட்டார்கள். அம்மா முதலில் தன்னைத் தானே பறிக்கவைத்துப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். உடனே மீனம்மாக்கா பிடுங்கிக்கொண்டு, கட்டைவிரலை ஓட்டினாள் பாருங்கள், அம்மாவின் கை வேலி ஓரத்தில் அன்றைக்குப் பார்த்த மாதிரியே பறந்தது. பெண்கள் கும்மாளமிட்டார்கள்.

அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"மெதுவா பொரட்டு மீனம்மா. கண்டாக்கு இந்தப் பக்கமாத்தான் வந்துக்கிட்டு இருக்காரு."

மீனம்மாக்கா விரலைத் தளர்த்திக்கொண்டாள்.