நான்கு நாள் மழை

மார்ச் 3
காலை எட்டரை. மழைமானி காலி. 0.0.
தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு நாள்கூட விடாமல் மழை அளந்து பதிந்ததற்குப் பாராட்டுப் பத்திரம் தருகிறார்களாம். குடும்பத்தோடு வரவும் என்று கீழே ஒரு வரி. யாரைக் கூட்டிப்போவது? சமையலறைப் பல்லியைத்தான்.

மார்ச் 4
0.0. தபால்காரர் விஷயத்தைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு, "இருபத்திரெண்டு வருஷம், லேசுப்பட்ட காரியமா சார்?" என்றார். சிரித்து வைத்தேன். அவர் போனபின் கையைக் கழுவினேன். ஏன் கழுவினேன்?

மார்ச் 6
குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். பதின்மூன்று வருஷம் சும்மா கிடந்த நெஞ்சுக்கு இப்போது என்ன வந்தது?

எழுதியே விடுகிறேன். அந்த ஜூலையில் யாரிடமும் சொல்லாமல் வேறொரு வேலைக்கான நேர்காணலுக்குப் போனேன். கிடைக்கவில்லை. நான்கு நாள் கழித்துத் திரும்பினால், மழைமானியில் நான்கு நாள் தண்ணீரும் ஒன்றாகக் கிடக்கிறது. அளந்தேன். 61.0 மில்லிமீட்டர். எந்த நாள் எவ்வளவு என்று கடவுளுக்குத்தான் தெரியும். நான் உட்கார்ந்து பங்கு போட்டேன் — 12.4, 0.0, 30.2, 18.4. நடுவில் அந்தப் பூஜ்யம், பார்க்க இயல்பாக இருக்கட்டும் என்று. பொய்க்குப் பவுடர் பூசி அழகு பார்த்திருக்கிறேன்.

மொத்தம் சரிதானே? யாருக்கு என்ன நஷ்டம்?

மார்ச் 9
0.0.
நஷ்டம் யாருக்கு என்று தெரியும். அதற்கு இரண்டு வருஷம் கழித்துத் தங்கைக்குக் கல்யாணம். அப்பா இல்லை, அம்மா இல்லை. அவள் பக்கம் நிற்க இருந்தது நான் ஒருத்தன். "ஒரு நாள் விட்டாலும் பதிவு கெட்டுடும்மா, என்னால வர முடியாது" என்றேன். பதிவாவது மண்ணாவது. மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் பெரிய உத்தியோகம். மழைத்தண்ணீர் அளக்கிறவன் என்று அவர்கள் நடுவே போய் நிற்க வெட்கம்.

"தண்ணி அளக்குறதுதான் பெருசுன்னா அதையே கட்டிக்கிட்டு அழு" என்றாள். பதினோரு வருஷமாகப் பேச்சில்லை.

அவளை விட்டுக்கொடுத்து மிச்சம் பிடித்தது இந்தப் பதிவு ஒன்றுதான். அதுவும் பொய் என்று சொல்லிவிட்டால் என் கையில் என்ன இருக்கும்?

மார்ச் 12
இரண்டு கடிதம் கிழித்தேன். மூன்றாவதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். அந்த நான்கு நாளும் அளக்கப்படவில்லை, மொத்தம் மட்டுமே 61.0, தவறு என்னுடையது.

மார்ச் 13
0.0. சமைத்ததை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 20
அதிகாரி போன் செய்தார். "உங்கள யாராவது கேட்டாங்களா? இப்ப இதச் சொல்லி என்ன கண்டீங்க?" பாராட்டு ரத்து. விளக்கம் கேட்டு மெமோ வருகிறது. எல்லா மழையளவு நிலையங்களின் பழைய பதிவுகளையும் தோண்டப் போகிறார்களாம். பக்கத்து நிலையத்துக்காரர் கூப்பிட்டு, தானும் கெட்டு அடுத்தவனையும் கெடுத்தவன் என்று வைதார்.

மார்ச் 23
0.0. தபால்காரர் மெமோவை கேட்டிலேயே செருகிவிட்டுப் போய்விட்டார்.

உண்மையைச் சொன்னால் நிம்மதி வரும் என்று எவன் சொன்னான்? ஒருத்தரும் இல்லாத வீட்டில் நிம்மதி வந்துதான் என்ன பண்ணப்போகுது? அழுதேன். எவ்வளவு என்று அளக்கவில்லை.

மார்ச் 24
தங்கைக்குப் போன் போட்டேன். எண் மாறவில்லை. அன்று வராததற்குப் பதிவு காரணமில்லை, வெட்கம்தான் காரணம், அந்தப் பதிவே பொய் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

"வெட்கம்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, திட்டிட்டு விட்டிருப்பேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

அதன்பிறகு எனக்கு நன்றாகப் பசித்தது. பல நாள் கழித்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மார்ச் 30
0.0. தங்கையிடமிருந்து மெசேஜ்: "ஞாயித்துக்கிழமை வா. வர முடியலன்னா காரணம் சொல்லாத."

விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் விடுப்பு.

ஏப்ரல் 4
0.0. கிளம்பும் முன் பதிவேட்டில் அடுத்த இரண்டு நாளுக்கும் எழுதினேன்: "அளப்பவர் விடுப்பில். அளவு இல்லை."

ஏப்ரல் 5
தங்கை வீடு. மாப்பிள்ளையின் அப்பா, தம்பிக்கு என்ன வேலை என்று கேட்டார். "மழை அளக்குறேங்க" என்றேன். கூசவில்லை. நல்லது என்று சாப்பிடக் கூப்பிட்டார்.

தங்கை பரிமாறிவிட்டு உள்ளே போய்விட்டாள். கோபம் இன்னும் இருக்கிறது. இருக்கட்டும், பதினோரு வருஷக் கோபம் ஒரு வேளைச் சாப்பாட்டில் கரையுமா? சாப்பிட்டபின் ஜன்னலோர நாற்காலியிலேயே தூங்கிப்போனேன். சத்தம் கேட்டு விழித்தால் மழை. அவள் கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடினாள், நானும் பின்னால் ஓடினேன். இரண்டு பேரும் நனைந்தோம்.

"உன் ஊர்லயும் பெய்யுமாண்ணா இப்ப?" என்று கேட்டாள். பெய்யும் என்றேன்.

இன்று மழை. எவ்வளவு என்று தெரியாது.