தேனீ உட்கார்ந்த குத்துவாள்

மைத்துனனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கச் சொன்னாள் உன் அக்கா. கேட்டாகிவிட்டது. இனி நான் எழுதுவது என்னுடையது.

உன் வேலை ஒன்றை நேற்று அருங்காட்சியகத்தில் பார்த்தேன். சந்தோஷப்படாதே.

செதுக்குக்காரர்கள் சங்கத்திலிருந்து பழைய ஆயுதங்களைப் பார்க்கப் போனோம். எனக்கு உளி பிடிக்கத் தெரியாது. தெருமுனையில் சாணைக்கல் சுற்றி, கத்திக்கடை வரைக்கும் வந்தவன் நான். ஆனாலும் கடைக்காரன் என்ற முறையில் என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள். மகள் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அந்த அருங்காட்சியகத்தின் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியாது. உனக்கு எழுதவேண்டும் என்று துடித்தாள். சேர்ந்த பிறகு எழுது என்று நான்தான் நிறுத்திவைத்தேன்.

ஜனங்கள் பார்க்கிற கூடத்துக்கு எங்களை அழைத்துப் போகவில்லை. பின்பக்கம், ஜன்னல் இல்லாத ஓர் அறை. சுவர் முழுக்க இரும்பு இழுப்பறைகள். நடுவில் நீள மேசை, அதன் மேல் சாம்பல் நிற மெத்தை, ஆளுக்கொரு விளக்கு, ஆளுக்கொரு ஜோடி கையுறை. ஆயுதப் பிரிவு அதிகாரி ஓர் அம்மா. குரல் உயர்த்தமாட்டார். கண் மட்டும் நம் கண்ணை விட்டு நகராது.

உங்கள் கூட்டத்தின் புத்தி உனக்குத் தெரியாததா? மற்றவர்கள் வாளைப் பார்த்தால் அழகைப் பார்ப்பார்கள். நீங்கள் உளி எங்கே வழுக்கியது என்று தேடுவீர்கள். வெள்ளிப் பூண் போட்ட ஒரு வேட்டைக் கத்தியை நம் சங்கத்துத் தாடிக்காரர் விளக்கடியில் சாய்த்து, “இந்தாளு வீட்ல சண்டை போட்டுட்டு வந்து வேலைக்கு உக்காந்திருக்கான்யா, கொடி எப்படி ஓடுது பாரு” என்றார். துப்பாக்கி ஒன்றில் செதுக்கியிருந்த மானைக் காட்டி, “இது மானா, மாமியாரா?” என்று ஒருவர் கேட்க, அறையே சிரித்தது. செத்துப்போய் எத்தனையோ தலைமுறை ஆனவர்களைக்கூட விடாமல் வம்புக்கு இழுத்தார்கள். நானும் சிரித்தேன்.

கடைசியாக அந்த அம்மா ஒரு குத்துவாளை எடுத்து வைத்தார். பழைய சேகரிப்பு ஒன்றோடு நன்கொடையாக வந்ததாம். அலகு பழசு, பிடி பழசு. அலகின் இரண்டு பக்கமும் பூங்கொடி. மகள் லென்ஸைக் கண்ணில் வைத்தவள், குழந்தை மாதிரிச் சிரித்து, “ஐ, தேனீ!” என்றாள்.

சொன்ன வாய் மூடுவதற்குள் அவள் முகம் செத்துவிட்டது.

பிடிக்குப் பக்கத்தில், இலைக்கு அடியில், கடுகளவு தேனீ. உளி வழுக்கிய கீறலுக்கு மற்றவர்கள் ஒரு புள்ளி வைப்பார்கள், ஓர் இலை சேர்ப்பார்கள். நீ ஒருவன்தான் தேனீ வைப்பாய். “தப்பை மறைக்காதே, றெக்கை வச்சு விடு, பறந்துபோயிடும்” என்று என் கடை ஜன்னலோரம் உட்கார்ந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ. ஊரை ஏமாற்ற உட்கார்கிறவன் அந்தக் கைவழக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்காரவேண்டாமா? திருடப் போன வீட்டில் செருப்பை விட்டுவிட்டு வந்திருக்கிறாயே, மடையா.

அந்த அம்மாவுக்கு முன்பே சந்தேகம். அலகெல்லாம் துரு தின்ற தழும்பு. உளி வெட்டிய கோட்டின் அடியில் மட்டும் அது இல்லை; வாள் பழசு, செதுக்கல் புதுசு. வேண்டுமென்றேதான் எங்கள் முன்னால் வைத்து, எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பிறகு ஓர் உறையிலிருந்து சின்னப் பித்தளைத் தகடு ஒன்றை எடுத்து வாளுக்குப் பக்கத்தில் வைத்தார். வேலைக்காக மகள் செதுக்கிக் கொடுத்த மாதிரித் தகடு. அதிலும் ஒரு தேனீ.

“இது நீ செஞ்சதாம்மா?” என்று கேட்டார். இல்லை என்றாள். “யார் செஞ்சதுன்னு தெரியுமா?” என்றார். லென்ஸைக் கழற்றி மெத்தைமேல் வைத்தாள். நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். தாடிக்காரருக்கும் அது யார் கை என்று தெரியும். குனிந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

பதில் வரும்வரை அவளை இந்த அறைக்குள் விடமுடியாது, வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அந்த அம்மா சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. என் கடையில் இப்படி நடந்தால் நான் இன்னும் மோசமாகப் பேசியிருப்பேன். திரும்பி வரும்போது வேனில் அவள் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. “மாமனும் மருமகளும் சேர்ந்து செஞ்ச வேலைதானே” என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்.

வீட்டுக்கு வந்து, நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று குதித்தேன். “நீங்க சொன்னா அது போட்டுக்கொடுக்கிறதுப்பா. மாமா சொல்லட்டும். அவர் சொல்லாம நீங்க சொன்னீங்கன்னா, நான் உளியையே தொடமாட்டேன்” என்றாள். இந்தப் பிடிவாதம் எங்கள் வம்சத்தில் கிடையாது. உன் அக்காவிடமிருந்து வந்தது. நீ கொடுத்த உளியைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். உன் அக்கா என்னிடமும் பேசவில்லை, அவளிடமும் பேசவில்லை, பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

யாருக்கு விற்றாய், என்ன கிடைத்தது என்று நான் கேட்கப்போவதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். என் கடைக் கத்தியில் உன் பெயர் வரவேண்டும் என்றுதானே சண்டை போட்டாய்? “செதுக்கறது நான், பேரு உன் கடைக்கா?” என்று என் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு, நடுக்கடையில் ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனாய். போய் என்ன செய்தாய்? எவனோ செத்தவன் கணக்கில் உன் கையை எழுதிவைத்தாய். அந்த வாள் இழுப்பறையில் மெத்தைமேல் படுத்திருக்கிறது. அட்டையில் ‘செதுக்கியவர் தெரியவில்லை’ என்று போட்டிருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு வந்த ஆத்திரம் உனக்கு வந்திருக்கவேண்டும்.

இது உளி வழுக்கிய இடம், மைத்துனா. றெக்கை வைத்துப் பறக்கவிட முடியாது. அது அவள் தலையில் உட்கார்ந்திருக்கிறது.

கிளம்பி வா. என்னிடம் வந்து கெஞ்சவேண்டாம். கடை வாசலைக்கூட மிதிக்கவேண்டாம். நேராக அந்த அறைக்குப் போ. அவள் கூட வருவாள், கேட்டுவிட்டேன். அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்து, இது என் வேலை என்று சொல். என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்.

அந்த அட்டையில் உன் பெயர் ஏறட்டும். அதற்குப் பிறகு கத்தியில் எந்தப் பெயரை வெட்டுவது என்று நாம் பேசலாம்.

கைக்கும் கண்ணுக்கும் குறைவராமல் வந்து சேர்.

இன்னும் கோபம் தீராத,
உன் அக்காள் புருஷன்