பூப்போட்ட கார் உறை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் குரலை உயர்த்தி எப்படியாவது சமாளித்துவிடுவேன். காலமெல்லாம் துணி விற்ற வாய். காகிதத்தில் அந்த வேலை நடக்காது, அதனால்தான்.

அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. கடையில் மெத்தை உறை ஓடுகிறது, திரைத்துணி தூங்குகிறது. நல்ல செய்தி இவ்வளவுதான். இனி எழுதப்போவதைப் படித்துவிட்டுக் கோபப்படு. ஆனால் முழுதும் படித்த பிறகு கோபப்படு.

நீ கட்டிக்கொள்ள ஆசைப்படும் பெண்ணை நான் பார்த்துவிட்டேன். பார்த்த விதம்தான் சரியில்லை.

அவள் படத்தை நீ அம்மாவுக்கு அனுப்பினாய் அல்லவா? நான் அதைப் பார்க்கவே இல்லை. அவனே பார்த்து அவனே முடிவு செய்த பிறகு நான் எதற்குப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வீம்பு. அம்மா போனை நீட்டும்போதெல்லாம் கண்ணாடி இல்லை என்பேன். கண்ணாடி நெற்றியில்தான் இருக்கும். அவள் என்ன படித்தாள், எங்கே வேலை என்று அம்மா சொல்ல வந்தபோதும் காதில் வாங்காமல் எழுந்து போனேன். அன்றைக்குக் கொஞ்சம் உட்கார்ந்து கேட்டிருந்தால் இன்றைக்கு இப்படித் தலைகுனிந்து எழுத வேண்டியிருக்காது.

நம் கடைத்தெருவை மாற்றி அமைக்கப்போகிறார்கள். நடைபாதை அகலமாகிறது, வண்டிகளுக்கு ஒரே பாதை, கடை வாசலில் யாரும் வண்டி நிறுத்தக் கூடாது. வியாபாரிகள் எல்லாரும் பதறிப்போனார்கள். சங்கச் செயலாளர் என்பதால் என்னை முன்னால் தள்ளினார்கள். தள்ளினார்கள் என்பதும் பொய், நானேதான் போய் நின்றேன்.

இந்தத் திட்டத்துக்காக மாநகராட்சியிலிருந்து ஒரு மாதமாகவே ஒரு பெண் வந்து நம் கடைக்கு எதிரே நின்று, கையில் ஒரு சின்னக் கருவியை அழுத்தி அழுத்திப் போகிறவர் வருகிறவரை எண்ணிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தால் சிரித்துத் தலையசைப்பாள். நம் பிழைப்பில் மண் போட வந்தவளுக்குச் சிரிப்பு வேறா என்று நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நான் யாரென்று அவளுக்குத் தெரியும் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

போன வாரம் மாநகராட்சி மண்டபத்தில் கருத்துக் கேட்டார்கள். நான் எழுந்து, "வாசல்ல கார் நிறுத்த எடமில்லேன்னா வாங்கின துணிச் சுருளைத் தோள்ல தூக்கிக்கிட்டா போவாங்க?" என்று கேட்டேன். நல்ல கைதட்டல். கைதட்டல் எனக்கு எப்படி ஏறும் என்று உனக்குத் தெரியும். அந்தப் பெண் திரையில் ஒரு படம் போட்டாள். ஒரு அம்மாள் நீளமான சுருளைத் தோளில் வைத்து, குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் இறங்கி நடக்கிறாள். பின்னால் பஸ். அவளை ரோட்டில் இறங்க வைத்த வண்டி இருந்த இடத்தை மட்டும் சாம்பல் நிறம் பூசி மறைத்திருந்தாள்.

விட்டேனா? "எதை மறைச்சு வெச்சிருக்கீங்க? இதெல்லாம் போலிப் படம்!" என்று கத்தினேன். அவள் மெதுவாக, "அது யாரோட வண்டிங்கறது முக்கியமில்ல சார், விட்டுடலாம்" என்றாள். நான் விடவில்லை. தெருவில் நின்று ஆள் எண்ணுவதெல்லாம் ஒரு பொண்ணு செய்கிற வேலையா என்றேன். அதற்கு மேலும் ஒன்று சொன்னேன். எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். "உன் வீட்டுல கேக்க ஆள் இல்லையா?" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் மேலதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. அவள் கம்ப்யூட்டரின் மேல் கையை வைத்துத் தடுக்கப் பார்த்தாள். அவர் விலக்கிவிட்டு மறைக்காத படத்தைப் போட்டார். நம் கார். அம்மா மிச்சத் திரைத்துணியில் தைத்துக் கொடுத்தாளே, மஞ்சள் பூப்போட்ட உறை, அதோடு. இந்த ஊரில் வேறு எந்தக் கார் அப்படி நிற்கிறது? அந்த அம்மாள் தோளில் இருந்த சுருளும் நம் கடைச் சுருள்தான். வேறு யாரும் இடத்தைப் பிடித்துவிடக் கூடாதென்று காலையில் நிறுத்தினால் கடை அடைக்கும்வரை நான் எடுப்பதில்லை. வாங்க வருகிறவர்களுக்கு இடம் வேண்டும் என்று கூட்டம் போட்டுக் கத்தினவன், அந்த இடத்தில் நாள் முழுக்க என் காரைத்தான் தூங்க வைத்திருந்தேன். இது அதுவரை என் மண்டையில் உறைக்கவே இல்லை என்றால் நீ நம்புவாயா? சத்தியமாக உறைக்கவில்லை.

மண்டபமே சிரித்தது. செருப்புக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் வாசலிலும் அவர் வண்டிதான் நிற்கிறது, அது வேறு விஷயம். சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். ஏதோ அவள்தான் தப்புச் செய்துவிட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

யாரோ அதை வீடியோ எடுத்து அனுப்ப, நான் வீடு வருவதற்குள் அம்மா பார்த்துவிட்டாள். என் நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்து, நீ அனுப்பிய படத்தைக் காட்டினாள். நான் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அம்மா பரிமாறினாள், பேசவில்லை. இன்றைக்கும் அளந்துதான் பேசுகிறாள்.

அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள் என்கிறாள் அம்மா. என் மானத்தைச் சாம்பல் நிறம் பூசிக் காப்பாற்றப் பார்த்தவள் அவள். அதைக் கிழித்துக் காட்டச் சொன்னவன் நான்.

மன்னிப்புக் கேட்க அவள் அலுவலகம் வரை போனேன். என்னவென்று வாயிற்காவலர் கேட்டதும், குடிநீர் வரி கட்ட வந்தேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன். மறுநாள் அவள் தெருவுக்கு வந்தபோது கடைக்குள் போய்த் தொங்கும் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வாங்க வந்த ஒருவர் திரையை விலக்கிப் பார்த்துப் பயந்துபோனார்.

காரை இப்போது வீட்டோடு விட்டுவிட்டேன். பஸ்ஸில் வந்து முனையில் இறங்கி நடக்கிறேன். எத்தனை இடத்தில் ரோட்டில் இறங்கி ஏற வேண்டியிருக்கிறது தெரியுமா? இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. வியாபாரம் என்ன ஆகுமோ என்ற பயம் இன்னும் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சங்கத்தின் எதிர்ப்பு மனுவிலிருந்து என் கையெழுத்தை எடுத்துவிட்டேன். தெருவில் என் பெயர் இப்போது பூக்கார். இருக்கட்டும்.

நேற்றுக் காலை முனையில் இறங்கி வரும்போது அவள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒளிய வழியில்லை. கிட்டே போனேன். கும்பிடுவதா, போய்விடுவதா என்று நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த கருவியை ஒரு தடவை அழுத்தினாள். நடந்து வருகிறவர்களில் என்னையும் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டாள். நான் கடைக்குள் வந்து கல்லாவில் உட்கார்ந்து அழுதேன். இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

உன் அப்பனுக்காக அவளிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம், அது நான் செய்ய வேண்டியது. அவளைக் கூட்டிக்கொண்டு வா என்று கேட்கும் யோக்கியதையும் எனக்கு இல்லை. அவள் மனம் ஒப்பினால் மட்டும் ஒன்று சொல். வீட்டில் கேட்க ஆள் இல்லையா என்று நான் கேட்டேனே, இருக்கிறோம் என்று சொல். இனி அவளை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் கேட்க, இங்கே ஒரு கிழவனும் அவன் பெண்டாட்டியும் இருக்கிறோம் என்று சொல். வாசலில் இப்போது இடம் இருக்கிறது.

இருவரும் நன்றாக இருங்கள்.

உன் அப்பா