ஒரே உடலின் இரண்டு ஊர்கள்

அன்புள்ள மியோங் ஒக்,

உன் கணவன் பியோன் சாங் உக், உன் முழங்கால் வலி தணிந்ததா என்று கேட்கவும், செவ்வாய்க்கிழமை நடந்த ஒரு வாதத்தைத் தெரிவிக்கவும் இதை எழுதுகிறேன். நான் நலம், கவலை வேண்டாம்.

அன்று மூடுபனியில் கோஜே கடலும் பாதி கட்டிய கப்பல்களும் மறைந்து, எங்கள் கப்பல் கட்டும் தளத்தின் உணவுக்கூடமே மேகத்தில் மிதந்தது. திருமணம் வெறும் ஒப்பந்தம், யாரும் யாரையும் மணக்கலாம், சலித்தால் பிரியலாம் என்றான் வெல்டர் கீ தே. ஆணும் பெண்ணும் தேவன் முன் ஒரே உடலாகும் உடன்படிக்கை அது என்றேன், சபையில் டீக்கனாக ஊழியம் செய்யும் நான்.

"அன்பு ஆறிப்போற நாளுக்குத்தாம்பா வாக்குக் கொடுக்கிறோம். சந்தோஷமா இருக்கிற நாளுக்கு வாக்கு எதுக்கு?"

"நல்லாத்தான் பேசுறீங்க, டீக்கன் அண்ணே. ஆனா அந்த ஒரே உடல்ல பாதி இங்க, பாதி உங்க ஊரு ஜோன்ஜூல. அதுவும் ஆறு வருஷமா. நானாவது தினமும் என் காதலியோட உக்காந்து சாப்பிடுறேன்."

மேசையே சிரித்தது. நான் சொன்னதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை. கொள்கை உண்மை, அதன்படி வாழாதவன் நான். அன்றுமுதல் சாப்பிடும்போதெல்லாம் எதிர் நாற்காலியில் நீ அமர்ந்திருப்பதாகத் தோன்றுகிறது.

முள்ளங்கிக் கிம்ச்சி கொஞ்சம் அனுப்பு. வேண்டாம், அங்கேயே எடுத்து வை. மேலாளர் அறை திறந்துவிட்டது. நம் ஊருக்கு அருகே கூன்சான் தளத்துக்கு மாற்றல் கேட்டு இப்போதே விண்ணப்பிக்கப் போகிறேன். மறுத்தால், வேலையை விட்டு வருவேன்.