என் சாயலில் ஒரு கொலைகாரி

மார்ச் 3, செவ்வாய்

தங்கை காலை பத்து மணி வண்டிக்குக் கிளம்பினாள். பன்னிரண்டு நாள் இருந்தாள். தொண்டை கட்டிக்கொண்டது, டாக்டர் பேசக் கூடாது என்றார், மேடையில் நாடகம் எதுவும் இல்லை, உன் வீட்டில் சும்மா கிடக்கிறேன் என்று வந்தவள். எங்கே சும்மா கிடந்தாள்? எப்போது வந்தாலும் ஒன்பது மணிவரை தூங்குகிறவள், இந்த முறை நான் எழும்போதே எழுந்து சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள். குறுக்கே உட்காராதேடி என்று நாளைக்குப் பத்து முறையாவது சொல்லியிருப்பேன். நகர்வாள், பேச மாட்டாள், பார்த்துக்கொண்டே இருப்பாள். பாவம், தொண்டை.

கிளம்பும்போது குரல் நன்றாகவே வந்தது. டிவியில் மீட்டர்காரர் துப்பறியும் தொடரில் ஒரு வாரத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். "அப்ப நீதான் கொலைகாரி" என்றார் என் வீட்டுக்காரர். சிரித்தோம்.

திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டேன். நான்கு ஜோடி.

மார்ச் 14, சனி

மீட்டர்காரர் பார்த்தோம். ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் வேறு வேலை கிடையாது. மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்ற கிழவர், கொலை நடந்த வீட்டுக்குப் போய் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார். குடிக்க மாட்டார். அதைக் கையில் வைத்துக்கொண்டே மீட்டர் பெட்டியைத் திறந்து, "என்னம்மா, நேத்து என்னத்தப் பாத்தே?" என்று அதனிடம் விசாரிப்பார். யார் எப்போது விளக்குப் போட்டார்கள், யார் இல்லாத நேரத்தில் மோட்டார் ஓடியது என்று அதிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். கிறுக்குத்தனம்தான். பிடித்திருக்கிறது.

ஆனால் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. ஒவ்வொரு வாரமும் கொலைகாரர் மட்டும் நாடக மேடையிலிருந்து வருகிறார். போன வாரம் ராஜா வேஷத்துக்குப் பேர்போன பெரியவர். இந்த வாரம் ஒரு நகைச்சுவைக்காரர், வீட்டுச் சொந்தக்காரன் கழுத்தைத் துணிக்கொடியால் இறுக்கிவிட்டார். கடைசியில் கொலைகாரர் ஐந்து நிமிடம், காட்சியை வெட்டாமல், ஒரே மூச்சில் உண்மையைச் சொல்ல வேண்டும்; அது மேடையில் நின்றவர்களுக்குத்தான் வருமாம். தங்கை சொன்னாள். அப்படியென்றால் அந்தத் திறமைக்கு ஒரு நல்ல மனுஷி வேஷம் கொடுக்கக் கூடாதா? இருபத்திரண்டு வருஷம் மேடையில் நின்றவளை ஊரெல்லாம் பார்க்கப்போகும் முதல் நாளே கையில் விலங்கோடுதான் காட்ட வேண்டுமா?

இருந்தாலும் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் சொல்லிவிட்டேன். மருந்துக்கடையில் சொன்னேன். 28-ந் தேதி, ஏழு மணி.

மார்ச் 28, சனி

முடிந்தது. எழுத வரவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

எழுதித் தீர்க்கிறேன். யாரிடம் சொல்வது?

நேற்று அவர் நாற்காலியில். மகளும் நானும் கீழே. தையல்காரம்மாவும் அவள் புருஷனும் கட்டிலோரத்தில். நானேதான் வாங்க வாங்க என்று கூப்பிட்டு உட்கார வைத்தேன். அது வேறு.

படம் தொடங்கியதும் ஒருத்தி அடுப்பைத் துடைக்கிறாள். இடது தோளில் கைத்துண்டு. துடைத்து முடித்ததும் அடுப்பின் மேல் விரலை ஓட்டி, அந்த விரலைத் தானே பார்த்துக்கொள்கிறாள். மகள்தான் முதலில் சிரித்தாள். "அம்மா, அது நீ." நானும் சிரித்தேன். அக்கா மேல் எவ்வளவு பாசம் இருந்தால் இப்படிச் செய்வாள் என்று தையல்காரம்மாவிடம் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். என் முட்டாள்தனத்தை என்ன சொல்ல.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. கோபத்தை அடக்கிக்கொண்டு பேசும்போது நான் "சரி" என்பதை இரண்டாக இழுப்பேனாம்; எனக்கே தெரியாது. வாங்கிய சாமானைக் குறித்துவிட்டுப் பென்சிலைக் கொண்டையில் சொருகுவது. பிறத்தியார் பேசி முடிப்பதற்குள் தலையாட்டிவிடுவது. பதினொன்று எண்ணினேன். பதினோரு இடத்தில் என்னை உரித்து எடுத்து அவள் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அதையும் பொறுத்திருப்பேன். கதை என்ன தெரியுமா? அந்தப் பெண்ணும் புருஷனும் எங்கோ கிளம்புகிறார்கள். "கேஸை மூடிட்டியா?" என்று அவன் கேட்கிறான். மூடியாச்சு என்கிறாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறான், தானே பார்த்துவிட்டு வர. அங்கே தரை ஈரம். கேஸ் குழாயில் அவள் மின்கம்பியைச் சுற்றி வைத்திருக்கிறாள்; தொட்டவன் அங்கேயே விழுகிறான். வெளியே நிற்கும் அவள் கதவைச் சாத்தி, கதவில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுக்கிறாள்: "உள்ள இருக்கிறதையும் காப்பாத்து, வெளிய போறதையும் காப்பாத்து."

அது என் பிரார்த்தனை. எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. நானே எனக்குக் கட்டிக்கொண்டது. கல்யாணமான வருஷத்திலிருந்து கதவைப் பூட்டும்போது மூன்று முறை சொல்கிறேன். பிப்ரவரியில் ஒரு நாள், "என்னக்கா முணுமுணுக்கிறே?" என்று கேட்டாள். தொண்டை சரியில்லாதவள் கேட்கிறாளே என்று சொன்னேன்.

கேஸ் விஷயமும் எங்கள் வீட்டு விஷயம்தான். அவர் இருபத்துநான்கு வருஷமாக அப்படித்தான். நான் மூடியாச்சு என்பேன், அவர் போய்ப் பார்ப்பார். இதை நான் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. அப்படியே எனக்குள் ஒரு குறை இருந்ததாக எனக்கே...

கடைசி ஐந்து நிமிடம். கிழவர் தண்ணீர் டம்ளரோடு நிற்கிறார். அவள் அழவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், "மூடியாச்சுன்னு சொன்னேன். ஒரு நாளாவது நான் சொன்னத நம்பியிருந்தா இன்னைக்கு உயிரோட இருந்திருப்பார்" என்றாள்.

தையல்காரம்மா, அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தேன் என்று எழுந்தாள். அவர் டிவியை அணைக்கவில்லை. செய்திகளில் பாதிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 30, திங்கள்

மருந்துக்கடைப் பையன் மீதியைக் கொடுத்துவிட்டு, "கேஸ மூடிட்டீங்களாக்கா?" என்கிறான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். தையல்காரம்மா தன் பங்குக்கு, "தத்ரூபம். எங்க வீட்டுக்காரர் உங்கள இனிமே பக்கத்துல விட மாட்டேங்கிறார்" என்றாள். அவள் தைத்த ரவிக்கை தோளில் தூக்கிக்கொண்டு நிற்பதை நான் எத்தனை முறை பேசாமல் போட்டுக்கொண்டிருக்கிறேன். இனிமேல் சொல்லப்போகிறேன்.

மார்ச் 31, செவ்வாய்

அவர் வேலைக்குப் போனதும் தங்கைக்குப் போன் போட்டேன். முதலில் தொண்டை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "தொண்டை நல்லாத்தான் இருந்துச்சுக்கா" என்றாள்.

திருட வந்தேன் என்று சொல்லியிருந்தால் கதவைத் திறந்தே வைத்திருப்பேனே என்றேன். சொல்லியிருந்தால் நீ நீயாக இருந்திருக்க மாட்டாய் என்கிறாள். முதலில் பாலில் விஷம் என்றுதான் எழுதியிருந்தார்களாம். இவள்தான் கேஸைச் சொல்லி மாற்றச் சொன்னாளாம். அதையும் பெருமையாகவே சொல்கிறாள்.

"ஆண்டவன் கிட்ட நான் சொல்ற வார்த்தைய ஒரு கொலைகாரி வாயில வச்சிட்டியேடி."

"அவ கொலைகாரி ஆகுறதுக்கு முன்னாடி நல்லவக்கா. அது தெரியணும்னுதான் வச்சேன்."

"நான் உன்கிட்ட என்னைக்காவது அவரப் பத்திக் குறை சொன்னேனா?"

"சொல்லல. அத்தான் திரும்பி உள்ள போறப்ப உன் மூஞ்சி எப்படி ஆகும்னு உனக்குத் தெரியாது. நான் பன்னிரண்டு நாள் பாத்தேன்."

இந்த வீட்டுப் பக்கம் வராதே என்று சொல்லி வைத்துவிட்டேன். அவளைப் பள்ளிக்கூடம் அனுப்ப நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவளைப் பாடம் ஒப்பிக்க வைத்து ஒப்பிக்க வைத்தே மிச்சத்தை நான் படித்துக்கொண்டேன். இப்போது என்னைப் பாடமாகப் படித்துப் போயிருக்கிறாள்.

ஏப்ரல் 2, வியாழன்

இன்று கதவைப் பூட்டிவிட்டு உள்ளங்கையை வைத்தேன். என் கை மாதிரி இல்லை. அவள் வைத்தது மாதிரி இருந்தது. கண்ணை மூடினால் அவள் முகம். வார்த்தை வரவில்லை. படிக்கட்டில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஆண்டவன் முன்னால் நிற்கும்போது அப்படித் திரும்பிப் பார்ப்பேனா?

சொல்லாமலே இறங்கிப் போனேன். மற்றதெல்லாம் போகட்டும், பென்சில், கைத்துண்டு, இழுத்த "சரி", எல்லாம் அவளே வைத்துக்கொள்ளட்டும். இது ஒன்று எனக்குத் திரும்ப வேண்டும். எப்படித் திருப்பித் தருவாள்?

ஏப்ரல் 4, சனி

ஏழு மணிக்கு டிவி போடவில்லை. ஒரு வாரமாக அவர் வாயில் வைத்திருந்ததை இன்று துப்பினார். என் தங்கை அவர் மானத்தை வாங்கிவிட்டாளாம். அலுவலகத்தில் சிரிக்கிறார்களாம். "இனி அவ இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது."

இதையேதான் நான் அவளிடம் சொன்னேன். ஆனால் அவர் வாயிலிருந்து வந்ததும் எனக்குத் தீப்பிடித்துக்கொண்டது.

"அத நான் சொல்லலாம். நீங்க சொல்லக் கூடாது."

"பின்ன என்ன, நான் கேஸப் பாக்குறது தப்பா? பாதுகாப்புக்குத்தானே பாக்குறேன்."

"இருபத்துநாலு வருஷம் பாத்தீங்க. ஒரு தடவையாவது திறந்திருந்துச்சா?"

யோசித்தார். நேர்மையான மனிதர், அதைச் சொல்ல வேண்டும். "இல்ல" என்றார்.

"அப்புறம்?"

"நான் பாக்குறதாலதானே ஒண்ணும் ஆகல."

மகள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மூடியதால்தான் ஒன்றும் ஆகவில்லை என்று இவருக்கு இருபத்துநான்கு வருஷத்தில் ஒரு கணம்கூடத் தோன்றியதில்லை. ஒரு கணம்கூட. அது தெரிவதற்கு எனக்கும் ஒரு டிவி நிகழ்ச்சி வேண்டியிருந்திருக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

கோபம் இருக்கிறது. அவள் மேல் எவ்வளவு, அவர் மேல் எவ்வளவு என்று பிரிக்கப் பார்த்தேன். பிரியவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

நான்கு மணிக்கு மணி அடித்தது. தங்கை. வாசப்படிக்கு வெளியிலேயே நின்றாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையில் ஒரு தாள் கட்டு.

தொடரில் அந்தக் கொலைகாரிக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டு மூட்டை மூட்டையாகக் கடிதமாம். எழுதியவர்கள் எல்லாம் பெண்களாம். அதனால் வழக்கு விசாரணையை இன்னொரு வாரம் எடுக்கிறார்கள். மேடை ஆளை இரண்டாவது முறை கூப்பிடுவது இதுதான் முதல் தடவையாம்.

"போன தடவ கேக்காம எடுத்தேன். இப்ப கேக்க வந்திருக்கேன். வேணாம்னா அவங்க கிட்ட மாட்டேன்னுடுவேன்."

"சத்தியமா?"

"சத்தியமாக்கா."

அவள் சொன்னால் செய்வாள், எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்ததை, நான் ஒரு முறை தலையசைத்தால் விட்டுவிடுவாள். அதை நினைத்ததும் என் கோபம் எங்கே கால் ஊன்றுவது என்று தெரியாமல் தடுமாறியது.

"அந்தப் பிரார்த்தனை இதுல வருதா?"

"வரலக்கா. அது உன்னோடது. இனி நான் தொட மாட்டேன்."

"தாள வச்சிட்டு உள்ள வா. கால் வலிக்கும்" என்றேன்.

ஏப்ரல் 11, சனி

வியாழனன்றே திரும்பிப் போன தங்கை இன்று காலை பையோடு வந்தாள். வந்ததிலிருந்து அவளை வசனம் ஒப்பிக்க வைத்தேன், சின்னப் பிள்ளையில் செய்தது மாதிரி. அங்கங்கே பென்சில் போட்டேன். சாமான் வாங்குகிற பெண் ஒரு நாளும் "சுமார் இருபது" என்று சொல்ல மாட்டாள். பத்தொன்பது என்பாள், இருபத்தொன்று என்பாள். மாற்றினோம். கூண்டில் நிற்கும்போது கைத்துண்டு இல்லாத தோளை அவள் தொட்டுப் பார்ப்பாள் என்றேன். தங்கை என்னையே பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் புருஷன் வீட்டார் பக்கம் திரும்பி, கைகூப்பி, "என்னை மன்னிச்சிடுங்க" என்று கதறுகிறாள். ஒரு கோடு போட்டு அடித்தேன். கோடு அழுத்திவிட்டது போல, தாள் கிழிந்தது.

தங்கை பயந்துபோனாள். "கொலை பண்ணியிருக்காக்கா. டைரக்டர் ஏன்னு கேப்பாரு."

"கொலை பாவம்தான். அதுக்கு மன்னிப்புக் கேக்க வேண்டிய இடத்துல, ஆண்டவன் கிட்ட, அவ கேட்டுட்டா. இவங்க கிட்ட கேக்க மாட்டான்னு சொல்லு."

"அப்ப இங்க என்ன பண்ணுவா?"

"தலையாட்டிட்டு இறங்கிப் போவா."

அவள் எழுந்து நின்று செய்து காட்டினாள். சரியாக இருந்தது.

திங்கள்வரை இங்கேதான் இருக்கப்போகிறாள். அவர் வேலையிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். இருக்கட்டுமா என்று கேட்கவில்லை. இருக்கிறாள் என்று சொன்னேன். அவர் வாசலில் கிடந்த செருப்பை ஒரு முறை பார்த்தார், பிறகு கை கழுவப் போனார்.