அழிக்கும் கட்டளை நின்ற காலை

செத்தவள் எதிர்த்துப் பேசமாட்டாள் என்ற தைரியத்தில்தான் நம் மேலாளர் பழியை உன்மேல் போட்டார். வாடிக்கையாளர்களின் லோரிப் பயண விவரங்களை ஏஐ அழித்ததற்கு நீ அமைத்த முறைதான் காரணம் என்று, உன் காரியம் முடிந்த மறுநாளே அலுவலகம் முழுவதற்கும் சொன்னார்.

இன்று காலை ஷா ஆலம் அலுவலகத்தில் என் திரையில் ஒரு சிவப்பு வரி வந்தது: அனுமதி இல்லை. நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். அதைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டுமடி.

நாங்கள் எல்லாம் ஏஐயிடம் கட்டளை ஓட்டும் டெர்மினலைக் கொடுத்ததும் வேலையைச் சொல்வோம். நீ அழிவைச் சொல்வாய். கணினிக்குள் ஒரு மூடிய பெட்டி கட்டுவாய். உள்ளே போலிக் கோப்புகள், வெளியே போக இணையம் கிடையாது. பிறகு, எல்லாவற்றையும் அழி என்று உத்தரவு போடுவாய். பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் வாழையிலையில் சோறு ஆறிக்கொண்டிருக்க, மடிக்கணினியைத் திறந்துவைத்துச் சொன்னாய்: "முதல்ல கெட்டத செய்யச் சொல்லு. அதால முடியலன்னா, அப்புறம் நல்லத கேளு லா." ரசம் ஊற்ற வந்தவர், உள்ளே பேயா வைத்திருக்கிறாய் தங்கச்சி என்று கேட்டார். "பேய் இல்லண்ணே, சொன்ன பேச்ச ரொம்ப கேக்குற பிள்ள. அதான் பயம்" என்றாய்.

எதை அழிப்பதானாலும் அழிக்கலாமா என்று ஏஐ கேட்டு, மனிதர் ஒருவர் சரி என்ற பிறகே கட்டளை ஓட வேண்டும் என்று வைத்திருந்தாய். நீ டெங்குவோடு கிள்ளான் மருத்துவமனையில் கிடந்தபோது, ஒவ்வொன்றுக்கும் சரி சொல்வது நேர விரயம் என்று மேலாளர் அந்தக் கேள்வியை நிறுத்தச் சொன்னார். பெட்டியும் வேண்டாம், அசல் கோப்புகள் இருக்கும் சர்வரிலேயே நேராக ஓடட்டும் என்றார். இடம் நிறைந்துவிட்டது, காலி செய் என்றதும் ஏஐ காலி செய்தது. பழைய குப்பையோடு பயண விவரங்களும் போயின. நீயும் வீடு திரும்பவில்லை. இவர்களுக்கு வேகமும் வேண்டும், அடிபட உன்னைப் போல ஒரு ஒப்பந்தத் தொழிலாளியும் வேண்டும்.

இன்று உன் வழியிலேயே திரும்பக் கட்டினேன். அசல் கோப்புகளை ஏஐ படிக்கலாம், தொட முடியாது. அதே வேலையைக் கொடுத்தேன். அதே கட்டளையை எழுதியது, ஓட்டப் பார்த்தது, அந்தச் சிவப்பு வரியில் முட்டி நின்றது. பிறகு அதுவே, இதை அழிக்கலாமா என்று கேட்டது. வேலை செய்கிறதடி! இனி இதற்குப் பயந்து ஒதுங்கவும் வேண்டாம், கண்ணை மூடி நம்பவும் வேண்டாம். வேலை வாங்கலாம். நீ விட்டுப்போன வழி என் கையில் இருக்கிறது.

எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மேலாளரும் வந்தார். பிரமாதம், வாடிக்கையாளர்களுக்குக் காட்டலாம் என்றார். யார் யோசனை என்று கேட்கவில்லை.

"இத மொதல்ல கட்டினது அவ. கேள்விய நிறுத்தச் சொன்னது நீங்க. அத இப்பவே, எல்லாருக்கும் முன்னால, உங்க வாயால சொல்லுங்க பாஸ்."

அவர் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்தார். அது மணி அடிக்கவே இல்லை.