கேஸுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பக்கம்

மேடம், முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்றுக் காலையில் மைதாப் பசையைக் காய்ச்சி இறக்கி, மயில்துத்தம் போட்டுக் கிண்டும்போது எழுந்த வாசத்துக்கு, கடை என்றும் பாராமல் அழுதுவிட்டேன். ஸ்பைரல் போட வந்த ஒருத்தர் பார்த்துவிட்டார். கண்ணில் தூசி என்றேன். "ரெண்டு கண்ணுலயுமாக்கா?" என்றார். "எங்க ஊர்ல தூசி ஜோடியாத்தான் வரும்" என்று சொல்லி, அவர் கொண்டுவந்ததைத் தலைகீழாக ஸ்பைரல் போட்டுக் கொடுத்தேன்.

அந்த வாசம் உங்களுக்கு ஆகவே ஆகாது. கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் என் பைண்டிங் மேசைக்கு எதிரில் உட்காருவீர்கள். நல்லம்பள்ளிப் பக்கத்து பிசினஸ் காலேஜின் பாடப் புத்தகங்களைத் திருத்தி அச்சுக்கு அனுப்புவது உங்கள் வேலை. மடித்து, தைத்து, அட்டை போடுவது என் வேலை. அஞ்சாவதோடு நின்றவள் கை படாமல் ஒருத்தரும் எம்பிஏ ஆக முடியாது என்று நான் பீற்றிக்கொள்ளும்போது மட்டும் கர்ச்சீப்பை எடுத்துவிட்டுச் சிரிப்பீர்கள்.

புத்தகம் எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் போட்ட சட்டம் இன்னும் என் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அட்டவணைக்குத் தலைப்பு மேலே, படத்துக்குக் கீழே. நிஜத்தில் ஒரு தொழிலில் வந்த சிக்கலைக் கதைபோல எழுதுவீர்களே, கேஸ் என்று, அதில் ஆள் பேர், ஊர் பேர் எல்லாம் மாற்ற வேண்டும். யாரையும் நல்லவர், கெட்டவர் என்று எழுதக் கூடாது. முடிவு என்ன ஆனது என்று சொல்லவே கூடாது. படிக்கிறவர் தன் முடிவைத் தானே எழுத, ஒவ்வொரு கேஸுக்குப் பின்னாலும் ஒரு வெள்ளைப் பக்கம் விட வேண்டும்.

"எழுத்தே இல்லாத பக்கத்தையும் உத்து உத்துப் பாக்கறது நீங்க ஒருத்தர்தான் மேடம்" என்றேன் ஒருநாள்.

"அதுலதான்க்கா நான் இன்னும் தப்பு பண்ணல" என்றீர்கள்.

அச்சுக்குப் போகும் முன் சத்தமாக வாசித்துப் பார்ப்பீர்கள். காதில் இடறினால் திருத்துவீர்கள். நான் தாளை மடித்துக்கொண்டே கேட்பேன். மாம்பழக் கூழ் ஃபேக்டரி கேஸ் ஒன்று வந்ததே. அப்பா ஆரம்பித்ததை மூடுவதா, நடத்துவதா என்று மகள் தவித்து நிற்கிற இடத்தில் டக்கென்று நிறுத்திவிட்டீர்கள்.

"அப்புறம் என்னாச்சுங்க மேடம்?"

"சொல்லக் கூடாதுக்கா."

"மூடிட்டாளா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க. எனக்குச் சோறு எறங்காது."

"நீங்க அவளா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"நான் அவளா இருந்தா எதுக்கு இங்க பசை காய்ச்சிட்டு இருக்கேன்?"

போன வருஷம் மாங்காய் சீசன் முடிந்த சமயம், புதுசாக ஒரு கேஸ் கொண்டுவந்தீர்கள். கடத்தூரில் பட்டுக்கூடு வியாபாரம் செய்யும் ஒரு பெண். கல்யாணம் ஆகவில்லை. வயிற்றில் கட்டி. பெங்களூரில் மாசக்கணக்கில் தங்கி வைத்தியம் பார்த்தால் பிழைக்கலாம், உறுதியில்லை. போனால் தொழில் போச்சு, வயசான அம்மா தனியாகிவிடுவாள். போகாவிட்டால் இருக்கிற நாள் வரைக்கும் தொழிலும் அம்மாவும். எந்தப் பக்கமும் சாயாமல் அவ்வளவு நேராக எழுதியிருந்தீர்கள். அன்றைக்குக் கர்ச்சீப் மூக்கில் இல்லை, மடியில் கிடந்தது.

"அப்புறம் என்னாச்சுங்க?" என்றேன், வழக்கம்போல.

"தெரியலக்கா" என்றீர்கள்.

சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை மேடம். தெரியல என்றீர்கள். "எழுதுனவங்களுக்கே தெரியாத கேஸா, இது நல்லாருக்கே!" என்று சிரித்துவிட்டு நான் அடுத்த தாளை எடுத்தேன். நீங்களும் கூடச் சிரித்தீர்கள்.

ஐப்பசி மழையில் பொம்மிடிக்கு, உங்களை அடக்கம் பண்ணும் அன்றைக்கு வந்தேன். கல்லறைத் தோட்டத்தில் உங்கள் அண்ணன் என் குடைக்குள் வந்து நின்றார். "பெங்களூரு போலாமா, அம்மா கூடவே இருந்துடலாமான்னு ஒண்டியா கெடந்து யோசிச்சிருக்குதுங்க. வவுத்துல கட்டின்னு கடேசி வரைக்கும் யாருகிட்டயும் வாயத் தொறக்கல. அது எழுதி வெச்ச நோட்டப் பாத்துத்தான் எங்களுக்கே தெரியும். வூட்டுலயே இருந்துடுச்சு" என்றார்.

அங்கேதான் எனக்குப் புரிந்தது, நீங்கள் வாயைத் திறந்தது யாரிடம் என்று. பேரை மாற்றி, ஊரை மாற்றி, என் எதிரில் உட்கார்ந்து சத்தமாகவே வாசித்திருக்கிறீர்கள். சட்டத்தை அவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்ததில், தினம் எதிரில் இருந்தவளுக்கே ஆள் தெரியவில்லை. நீங்கள் வாசித்ததில் முடிவு எனக்குத் தெரிந்த கேஸ் அது ஒன்றுதான்.

இந்த வாரம் அதே புத்தகம் மறுபடி அச்சாகி வந்திருக்கிறது. பட்டுக்கூடுக்காரி உள்ளே இருக்கிறாள். உங்கள் நாற்காலிக்கு வந்த சார் வெள்ளைப் பக்கங்களை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கேஸுக்கும் பின்னால் விடை போட்டுவிட்டார். அவளுக்கு அவர் கொடுத்த விடை ஒரே வரி: தொழிலை விற்றுவிட்டுச் சிகிச்சைக்குச் செல்வதே சரியான முடிவு.

போன் போட்டேன். "சார், அந்த ஒரு கேஸுக்கு மட்டும் விடைய எடுத்துட்டுப் பழையபடி வெள்ளையா வுட்டுடலாங்களா?"

"ஏங்க்கா, அதுல என்ன இருக்கு?"

உங்கள் பேரைச் சொன்னால் வெள்ளையாக விட்டுவிடுவார். பேரைச் சொல்லக் கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம்.

"சும்மாதான் சார்" என்றேன்.

"பசங்க விடை கேக்கறாங்கக்கா" என்று வைத்துவிட்டார்.

ஆக, எல்லாப் புத்தகமும் அந்த வரியோடுதான் போகப்போகிறது. அந்த வரி சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. உங்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும். ஊரெல்லாம் கேலி பேசுகிற வாய் எனக்கு, அன்றைக்கு ஒரு வார்த்தைக்கு உதவவில்லை. இப்போதெல்லாம் யார் எந்தக் கதையைச் சொன்னாலும் கைவேலையை வைத்துவிட்டு அவர்கள் முகத்தையே பார்க்கிறேன். பால்காரர் பயந்துபோய்ச் சீக்கிரம் கிளம்பிவிடுகிறார்.

ஒரே ஒரு புத்தகத்தில், எனக்கென்று, அந்த விடை இருந்த கடைசித் தாளைப் பிரித்தெடுத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாள் வைத்துத் தைத்திருக்கிறேன். நான் நீங்களாக இருந்தால் என்ன பண்ணுவேன் என்று அதில் எழுத நேற்றுப் பேனாவோடு உட்கார்ந்தேன். மத்தியானம் வரைக்கும் ஒன்றும் வரவில்லை. 'மேடம்' என்று மட்டும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன். ஃபேன் காற்றில் அந்தக் கடைசித் தாள் புரண்டு பக்கத்திலிருந்த பசைக்கிண்ணத்தில் தோய்ந்திருக்கிறது. திரும்பி வந்தபோது பின்னட்டையோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. துத்தம் போட்ட பசை. பூச்சி அரிக்காது.